உறைபனிக் காலையில் மட்டும் அறுந்த நெட்: ஊட்டி வீடொன்றில் கேபிள் மோடம் நிகழ்வு ஆய்வு

இது ஊட்டியில் ஒரு வீட்டில் நடந்தது. வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள், கேபிள் கம்பெனி பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. நான் ஊருக்குள் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன், கேபிள் லைன் என் தொழில் கிடையாது. அதனால் நான் செய்த தப்பும் இதில் வரும்.

வீடும் ஆட்களும்

சரிவில் கட்டிய பழைய தகரக் கூரை வீடு. மேலே சாலையோரக் கம்பத்திலிருந்து சுமார் 60 மீட்டர் கேபிள், ஒரு கற்பூர மரத்தை உரசிக்கொண்டு இறங்கி, கூரை விளிம்பில் ஒரு கொக்கிக்கு வந்து, அங்கே ஒரு ஜாயின்டரில் வேறொரு துண்டுக் கேபிளோடு சேர்ந்து, ஜன்னல் கட்டையில் போட்ட ஓட்டை வழியாக உள்ளே போகிறது. உள்ளே மூன்று வழி ஸ்பிளிட்டர் ஒன்று. ஹால் டிவிக்கு ஒன்று, பின்னறை டிவிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. ஃபைபர் இந்தச் சரிவுக்கு இன்னும் வரவில்லை, டிவியும் நெட்டும் ஒரே ஒயரில்தான்.

வீட்டில் இரண்டு பேர். தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள். அவளுக்குக் காலை 6 மணிக்கு ஷிப்ட் ஆரம்பம். டிசம்பர் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, தினமும் காலையில நெட் போயிடுது, எட்டரைக்கு மேல தானா வந்துடுது, ஆபீஸ்ல நான் சொல்ற காரணத்தை ஒருத்தரும் நம்பல" என்றாள். தினமும் இல்லை, சில நாள் மட்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த வித்தியாசத்தை அன்றைக்கே கேட்டிருந்தால் பத்து நாள் மிச்சம்.

அதற்குள் கேபிள் ஆட்கள் மூன்று தடவை வந்து போயிருந்தார்கள். மூன்று தடவையும் பதினொரு மணி, பன்னிரண்டு மணி. வந்து பார்த்தால் எல்லா விளக்கும் எரியும், "நல்லாத்தானுங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு தடவை மோடத்தையே மாற்றினார்கள், பலன் இல்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பண்ண, கோளாறு தூங்கப்போன பிறகு வந்தால் யாருக்குத்தான் தெரியும்.

முதல் நாள் பார்த்தது

நான் போனதும் பகலில்தான், மதியம் இரண்டு மணி. லேப்டாப்பை லேன் ஒயரில் நேராக மோடத்தில் மாட்டி, பிரவுசரில் 192.168.100.1 போட்டேன். பெரும்பாலான கேபிள் மோடங்களில் இந்த முகவரியில் ஒரு பக்கம் திறக்கும், சிக்னல் அளவு எல்லாம் அதில் இருக்கும். நெட் இல்லாத நேரத்திலும் திறக்கும் என்பது முக்கியம்.

எட்டு டவுன்ஸ்ட்ரீம் சேனல், 554 முதல் 610 மெகாஹெர்ட்ஸ் வரை. அளவு எல்லாம் மைனஸ் 7 டிபிஎம்வியை (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) ஒட்டி. எஸ்என்ஆர் 36 டெசிபல். அப்ஸ்ட்ரீம் 49 டிபிஎம்வி.

படிக்கத் தெரியாதவர்களுக்காக: டவுன்ஸ்ட்ரீம் என்பது வெளியிலிருந்து மோடத்துக்கு வந்து சேரும் பலம். டாக்சிஸ் என்ற கேபிள் மோடங்களுக்கான பொது விதிப்படி மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வரை மோடம் தாங்க வேண்டும், ஆனால் லைனில் வேலை பார்ப்பவர்கள் மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் நடுவில் இருந்தால்தான் நிம்மதியாக இருப்பார்கள். எஸ்என்ஆர் என்பது சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது, 33க்கு மேல் இருந்தால் 256 க்யூஏஎம் என்ற, டேட்டாவை அலையில் ஏற்றும் முறைக்குக் கவலை இல்லை. அப்ஸ்ட்ரீம்தான் குழப்பும். அது வந்து சேருகிற பலம் இல்லை, மோடம் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறது என்பது. எதிர்ச் சரிவில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, அவர் காதில் விழவில்லை என்று தெரிந்தால் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவோம் இல்லையா, அதேதான். எண் ஏற ஏற நிலைமை மோசம் என்று அர்த்தம். 40 முதல் 48 வரை நல்லது, 50ஐத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் மோடம் காட்டிய உச்சம் 54.

ஆக 49 என்பது ஓரத்தில் நிற்கிறது. பதிவுப் பக்கத்தைத் திறந்தால் டி3 டைம்அவுட் வரிசையாக இருந்தது. மோடம் "நான் இருக்கேன்" என்று மேலே சொல்லி, 200 மில்லி செகண்டுக்குள் பதில் வராமல் போனால் விழுகிற வரி அது. தொடர்ந்து 16 தடவை பதில் இல்லை என்றால் மோடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். பாதி வரிகளில் தேதி 1970 ஜனவரி 1 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அவள், "இதுவே பழைய மோடமா அண்ணா?" என்றாள். இல்லை, திரும்ப எழுந்த மோடத்துக்கு நெட் கிடைத்தால்தான் நேரம் தெரியும், அதுவரை அது 1970லேயே உட்கார்ந்திருக்கும். சிரித்தோம். ஆனால் அதனால் எந்த மணிக்கு விழுந்தது என்று பதிவை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஸ்பிளிட்டரை மாற்றினேன், சரியாகிவிட்டது என்று நினைத்தேன்

மூன்று வழி ஸ்பிளிட்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு காலில் (கேபிள் வெளியே போகிற வாய்) 3.5, மற்ற இரண்டில் 7 என்று அச்சிட்டிருந்தது. மோடம் 7 டெசிபல் இழக்கும் காலில் மாட்டியிருந்தது, நல்ல கால் ஹால் டிவிக்கு. இரண்டு வழி ஸ்பிளிட்டர் இரண்டு வாங்கிவந்து, நுழைவாயிலில் ஒன்றைப் போட்டு அதன் ஒரு காலை நேராக மோடத்துக்கும், இன்னொரு காலை இரண்டாவது ஸ்பிளிட்டர் வழியாக டிவிகளுக்கும் கொடுத்தேன். டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 3.5க்கு ஏறியது, அப்ஸ்ட்ரீம் 45.5க்கு இறங்கியது. கணக்கு அப்படியே பொருந்தியது.

அடுத்த மூன்று காலை ஒரு பிரச்சினையும் இல்லை. அவள் போன் பண்ணி நன்றி சொன்னாள், அப்பா தோட்டத்து முள்ளங்கி அரை மூட்டை அனுப்பினார், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

நாலாவது நாள் காலை 6.20க்கு மறுபடி போச்சு.

நான் கவனிக்காதது, அந்த மூன்று இரவும் வானம் மூடி, தூறலாக இருந்தது. நாலாவது இரவு வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்திருந்தது. ஊட்டியில் இருக்கிறவனுக்கு இது புரியாமல் போனதுதான் கேவலம். மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது, காற்றில்லாத தெளிந்த இரவில்தான் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல் வெள்ளையாகும்.

பூஸ்டர் போட்டது

அன்றைக்கே மதியம் கம்பெனி லைன்மேன் வந்து, "சிக்னல் கம்மிங்க" என்று ஒரு டிவி பூஸ்டரை நுழைவாயிலில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். டிவி பளிச்சென்று வந்தது. மோடம் அதற்கப்புறம் எழவே இல்லை, மதிய வெயிலிலும். நான் போய்ப் பார்த்தபோது டவுன்ஸ்ட்ரீம் பிளஸ் 8, ஜோராக இருக்கிறது, அப்ஸ்ட்ரீம் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. சாதாரண டிவி பூஸ்டர் ஒருவழிப் பாதை. மேலிருந்து கீழே வருவதைப் பெருக்கும், மோடம் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸுக்குள் மேலே அனுப்புவதை அப்படியே மறித்துவிடும். கழற்றியதும் இரண்டு நிமிடத்தில் நெட் வந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றது. கீழே வருவது நன்றாக இருந்து, மேலே போவது மட்டும் செத்துப்போவது எப்படி இருக்கும் என்பதைப் பூஸ்டர் காட்டிவிட்டது. காலையில் நடப்பதும் இதே மாதிரியா?

அப்பா சொன்னது

பூஸ்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஹாலில் இருந்து அவர் கேட்டார். "தம்பி, அப்படியே அந்தப் பக்திச் சேனலையும் பார்த்துடுங்க. காலையில மட்டும் கட்டம் கட்டமா உடையுது. மத்ததெல்லாம் சரியா வருது."

மகள் உள்ளிருந்து, "அப்பா, அது வேற, இது வேற" என்றாள். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஏனென்றால் இதை அவர் அன்றைக்கும் சொன்னார்.

இந்தத் தடவை செட்டாப் பாக்ஸ் மெனுவில் போய் அந்தச் சேனல் எந்த அலைவரிசையில் வருகிறது என்று பார்த்தேன். 150 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே. நன்றாக வருகிற சேனல்கள் பெரும்பாலும் 300, 400க்கு மேலே. என்னென்ன உடைகிறது என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன், உடைகிற நான்கும் அதே கீழ் அலைவரிசையில் இருந்தன.

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. கேபிளுக்குள் தண்ணீர் போனாலோ, கேபிள் நீளமாக இருந்தாலோ மேல் அலைவரிசைதான் முதலில் அடிபடும். கீழ் அலைவரிசை மட்டும் போவது தலைகீழ். நடுக்கம்பி எங்கோ ஓரிடத்தில் தொடாமல், மயிரிழை இடைவெளி விட்டு நின்றால் அப்படி ஆகும். அந்த இடைவெளி ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மாதிரி வேலை செய்யும். 580 மெகாஹெர்ட்ஸ் அதை ஏறக்குறையத் தாண்டிக் குதித்துவிடும், 130 தடுமாறும், 30 மெகாஹெர்ட்ஸில் போகிற அப்ஸ்ட்ரீம் அங்கேயே நின்றுவிடும். டிவி வருகிறது, நெட் இல்லை, பக்திச் சேனல் உடைகிறது, மூன்றுக்கும் ஒரே காரணம்.

அப்புறம் அவர் டைரியை எடுத்து வந்தார். வேலையில் இருந்த காலத்துப் பழக்கம், தோட்டத்தில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, தினமும் விடியலில் குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்துவைப்பார், உறைபனி விழுந்த நாளுக்கு ஓரத்தில் ஒரு நட்சத்திரம். நாற்றுகளை மிலார் செடி போட்டு மூட வேண்டுமா என்று பார்ப்பதற்காக. மகளின் ஆபீஸ் சாட்டில் "நெட் இல்லை" என்று அவள் அனுப்பிய நாட்களை அந்த நட்சத்திரங்களோடு வைத்துப் பார்த்தோம். ஒன்பது நட்சத்திரம், எட்டு நாள் நெட் போயிருக்கிறது. ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விடியலில் போனது

அடுத்த தெளிந்த இரவுக்குக் காத்திருந்து, விடியற்காலை 5.30க்கு அங்கே இருந்தேன். வழியில் ஸ்கூட்டர் சீட்டில் இருந்த பனியைச் சுரண்ட வேண்டியிருந்தது. தெர்மாமீட்டரில் 1 டிகிரி. கேரட் இலையெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருந்தது.

5.45க்கு அப்ஸ்ட்ரீம் 46. ஆறு மணிக்கு 48. 6.10க்கு 51. 6.15க்கு 54, அங்கேயே நின்றது, டி3 கொட்ட ஆரம்பித்தது, 6.17க்கு நெட் போனது. அந்த நேரத்தில் டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 5.5, எஸ்என்ஆர் 35. அதாவது கீழே வருவதில் வெறும் 2 டெசிபல்தான் குறைந்திருக்கிறது. டவுன்ஸ்ட்ரீம் விளக்கு அசையாமல் எரிகிறது, அப்ஸ்ட்ரீம் சிமிட்டுகிறது. ஹாலில் சுப்ரபாதம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது.

அக்கம்பக்கத்தில் அதே கம்பத்திலிருந்து லைன் வாங்கிய இரண்டு வீட்டுக்கு போன் போட்டேன் (திட்டு வாங்கினேன்). இரண்டிலும் நெட் இருக்கிறது. ஆக கம்பத்துக்கு மேலே கோளாறு இல்லை. குளிருக்கு அசைகிறதென்றால் வீட்டுக்குள்ளும் இல்லை. கம்பத்து முனை, இல்லாவிட்டால் கூரை விளிம்பு ஜாயின்டர். இரண்டே இடம்.

நான் ஏணி போடவில்லை. லைனில் கை வைப்பது கம்பெனி ஆள் செய்ய வேண்டியது, அதோடு பனி பிடித்த ஏணியில் ஏறி விழுந்தால் யார் பார்ப்பது. லைன்மேனைக் கூப்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, படுக்கையிலிருந்து எழுந்து குரங்குக் குல்லாயோடு 7 மணிக்கு வந்துவிட்டார். நேராக ஜாயின்டரைக் கழற்றப்போனவரை, "தம்பி, கழற்றாதீங்க, முதல்ல அப்படியே உள்ளே தள்ளிப் பிடிச்சுப் பாருங்க" என்றேன். கழற்றி மறுபடி முறுக்கினால் அன்றைக்குச் சரியாகிவிடும், காரணம் தெரியாமலே போய்விடும், அடுத்த பனிக்கு மறுபடி ஆரம்பிக்கும். அதுதான் என் பயம்.

அவர் கேபிளைப் பிடித்து ஜாயின்டருக்குள் அழுத்தினார். உள்ளிருந்து அப்பா, "பாட்டு சரியாயிடுச்சு" என்றார். ஒன்றரை நிமிடத்தில் ஆன்லைன் விளக்கு வந்தது, அப்ஸ்ட்ரீம் 45. "விடுங்க" என்றேன். விட்டார். பாட்டு உடைந்தது. இன்னொரு தடவை அழுத்தச் சொன்னேன், மறுபடி வந்தது.

கழற்றியபோது

கம்பத்திலிருந்து வரும் கேபிளின் முனையில் மாட்டியிருந்த திருகு மூடியில் (எஃப் கனெக்டர்) நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மூன்று மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் ஜாயின்டருக்குள் இருக்கும் கவ்வி அதைப் பிடிக்கும். போன வருடக் காற்றில் கற்பூரக் கிளை விழுந்து கேபிள் அறுந்தபோது, கையிருப்புத் துண்டு போதாமல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கொக்கியில் கட்டிய கட்டு அவிழ்ந்து, 60 மீட்டர் கேபிளின் பாரமும் நேராகக் கனெக்டர்மேல் தொங்கியது. மதியம் 20 டிகிரியிலிருந்து விடியலில் 1 டிகிரிக்குப் போகும்போது அந்த நீளத்துக்கு எஃகு நடுக்கம்பி ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கும். முன்பே விறைப்பாக இழுத்துக் கட்டிய கேபிள் அது, விட்டுக்கொடுக்கத் தளர்ச்சி இல்லாததால் ஜாயின்டரிலிருந்து கம்பி பின்வாங்கிக்கொண்டது. எட்டரைக்கு மேட்டைத் தாண்டி வெயில் கேபிள்மேல் விழுந்ததும் நீண்டு மறுபடி தொட்டுக்கொள்ளும். பதினொரு மணிக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் நன்றாக இருக்கும்.

லைன்மேன் கம்பத்து முனையிலிருந்து புதுக் கேபிள் இழுத்து, கொக்கியில் தனியாகப் பிடிப்புப் போட்டுக் கட்டி, ஜாயின்டருக்கு முன்னால் தொங்கலாக ஒரு வளையம் விட்டார். அந்த வளையம் இருந்தால் மழைத் தண்ணீரும் கனெக்டருக்குள் இறங்காது. கனெக்டர் இரண்டும் அழுத்தி மாட்டுகிற வகை. ஸ்பிளிட்டரில் காலியான கால் எதுவும் இல்லாததால் மூடி தேவைப்படவில்லை.

அதற்கப்புறம்

பகலில் அப்ஸ்ட்ரீம் 44, விடியலிலும் 44. பிப்ரவரி கடைசி வரை டைரியில் பதினொரு நட்சத்திரம் விழுந்தது, நெட் ஒரு காலையும் போகவில்லை. ஒரு நாள் மாலை போனது, அது கரண்ட் கட், கம்பத்து ஆம்ப்ளிஃபையரே அணைந்திருந்தது. லைன்மேன் அதே வருடம் அவசரத்தில் இழுத்துக் கட்டிய வேறு இரண்டு வீட்டு ஜாயின்டரையும் போய்ப் பார்த்துவிட்டு, "அங்கயும் அதேதாண்ணே" என்றார்.

மறுபடி இப்படி ஒன்று வந்தால்

ஸ்பிளிட்டரை மாற்றியது தப்பில்லை, மாற்ற வேண்டியதுதான், ஆனால் கோளாறு நேரத்து எண்ணைப் பார்க்காமலே மாற்றியது தப்பு. பகல் எண்ணைச் சரிசெய்துவிட்டு விடியல் கோளாறு போய்விட்டதாக நம்பினேன். இப்போதெல்லாம் முதலில், போகிற நேரத்தில் ஒரு தடவை, போகாத நேரத்தில் ஒரு தடவை சிக்னல் பக்கத்தை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது அசைகிறது என்று தெரிந்துவிடும். டவுன்ஸ்ட்ரீமும் அப்ஸ்ட்ரீமும் சேர்ந்து மோசமானால் ஒரு வகை, அப்ஸ்ட்ரீம் மட்டும் ஏறினால் வேறு வகை. கம்பெனிக்குப் புகார் சொல்லும்போதும் "நெட் ஸ்லோ" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "காலை 6.15க்கு அப்ஸ்ட்ரீம் 54, பகலில் 45" என்று சொன்னால் ஆள் விடியலில் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் இந்தத் தடவை வந்தார்.

டிவியில் என்ன ஆகிறது என்றும் கேட்கிறேன், அதுவும் வீட்டில் யார் அதிகம் டிவி பார்க்கிறார்களோ அவரிடம்.

அப்பா டைரியில் தெர்மாமீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு எண்ணும் எழுதுகிறார், மகள் அந்தப் பக்கத்தைத் திறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். போன வாரம் போனில், "தம்பி, இன்னிக்கு 45.5, ஒன்றரை கூடியிருக்கு, பார்க்கணுமா?" என்றார். ஒன்றரைக்கெல்லாம் வேண்டாம் சார் என்றேன். கற்பூர மரம் இன்னும் அங்கேதான் நிற்கிறது, கேபிள் இன்னும் அதை உரசித்தான் போகிறது, ஜூன் காற்று வருவதற்குள் அந்தக் கிளையை வெட்ட ஆள் பார்க்க வேண்டும்.